அழுத்தினால் நிற்கும் மெஷின்

குடும்பத்தில் அவனுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் அவசரம். பிறக்கும்போதே நாள் கணக்குக்குக் காத்திருக்காமல் வந்து விழுந்தவன் என்று அவனுடைய அக்கா சொல்வாள். பிழைப்பும் அதற்கு ஏற்றாற்போல் வாய்த்தது. வேனில் பார்சல் கொண்டுபோய் வீடுவீடாகக் கொடுக்கிற வேலை. மணியை அடித்துவிட்டு, கதவு திறப்பதற்குள் அடுத்த தெருவை யோசிக்கிற வேலை. அதில் அவன் கெட்டிக்காரன், பொய் சொல்லக்கூடாது. ஆனால் சாப்பிடுவது, பல் தேய்ப்பது, கோபப்படுவது, சமாதானமாவது எல்லாவற்றையும் அதே வேகத்தில் செய்தால் கூட இருக்கிறவர்கள் பாடு என்ன ஆவது?

அக்கா வீட்டுக்காரர் அவனுக்கு நேரெதிர். நிலம் அளப்பவர். வெளியில் அளந்தது போதாதென்று வீட்டிலும் அளப்பார். நாற்காலி சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பதற்குத் தரையில் பென்சில் கோடு போட்டு வைத்திருக்கிற மனிதர். அக்காவின் கல்யாணம் நடந்த நாளிலிருந்து அவர் அவனை நம்பி ஒரு துரும்பைக்கூட ஒப்படைத்ததில்லை. ஏணி கேட்டால், "இருங்க தம்பி, நானே வந்து பிடிச்சுக்கறேன்" என்பார். அந்தத் "தம்பி"யில் பாசம் இருக்காது. பஸ்ஸில் காலை மிதித்தவனைக் கூப்பிடுகிற தம்பி அது.

அவரிடம் ஒரு பழைய சிவப்புக் கார் இருந்தது. பழையது என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத் துடைப்பதுதான் அவருக்கு ஓய்வு. அந்தக் கார்தான் ஒருநாள் அவசரத்தின் வாசலுக்கு வந்து சேர்ந்தது. அக்காவும் அவரும் குடியிருந்த கட்டடத்தில் தண்ணீர்க் குழாய் மாற்றுவதற்காகக் கார் நிறுத்தும் இடத்தைத் தோண்டிப் போட்டுவிட்டார்கள். அதே சமயம் அவருக்கு வெளியூரில் ஒரு சாலையை அளக்கிற வேலை வந்தது. அக்காவும் கூடப் போவதாக ஏற்பாடு. காரை எங்கே விடுவது என்று அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, அக்கா ஒரே வார்த்தையில் முடித்தாள்.

"என் தம்பியை ஒரு தடவையாவது நம்புங்களேன்."

சாவியைக் கொடுக்கும்போது அவருடைய விரல்கள் அதை விட மனமில்லாமல் விட்டன. "ஓட்ட வேண்டாம் தம்பி. தினமும் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி அணைச்சாப் போதும். வலது பக்கம் சுவரை ஒட்டியே இருக்கட்டும், திருப்பி நிறுத்த வேண்டாம்" என்றார். அவர் எங்கே போனாலும் வலது பக்கம் சுவரை ஒட்டித்தான் நிறுத்துவார். மனுஷனுக்கு ஆயிரம் கோளாறு, இது ஆயிரத்தொன்று என்று அவசரம் நினைத்துக்கொண்டான். ஆனால் சாவியைச் சட்டைப்பையில் போட்டபோது நெஞ்சு நிமிர்ந்தது உண்மை. கார் ஒரு கீறலும் இல்லாமல் திரும்பிப் போக வேண்டும், அதைப் பார்த்து இந்த மனிதர் வாயால் ஒரு நல்ல வார்த்தை வர வேண்டும். அவனுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

சும்மா விட்டிருந்தால் ஒரு வம்பும் இல்லை. அவர்கள் ஊர் திரும்புவதற்கு ஒரு வாரம் முன்பு, காரின் முன்பக்க மூடி மேலும் இடது பக்கக் கதவுகள் மேலும் பறவை எச்சம் காய்ந்து கிடப்பதை அவன் பார்த்தான். பார்த்தவன் ஊற வைத்தானா? துணியைத் தேடினானா? நேரே சமையலறைக்குப் போனான். பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரை எடுத்தான். சோப்பு நுரையோடு, அன்பாக, முழு பலத்தோடு தேய்த்தான். நுரை இருந்தவரை எல்லாம் அழகாகத்தான் இருந்தது. தண்ணீர் ஊற்றிக் காய்ந்த பிறகு பார்த்தால், வெயிலில் அந்தச் சிவப்பு முழுக்க வட்டம் வட்டமாகக் கீறல். அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அவன் மனைவி வேலை முடிந்து வந்தாள். வீட்டு உபயோகச் சாமான்கள் செய்கிற ஒரு கம்பெனியில் புகார் கேட்கிற பிரிவில் அவளுக்கு வேலை. மிக்ஸி புகைகிறது, ஃபேன் கத்துகிறது என்று நாள் முழுக்க ஊராரின் வயிற்றெரிச்சலைக் காதில் வாங்கிவிட்டு, சாயங்காலம் சிரித்த முகமாக வீடு வருகிறவள். அந்தப் பொறுமை எந்தக் கடையில் கிடைக்கும் என்று அவனுக்கு அடிக்கடி தோன்றும். அவள் காரைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"என்ன ஆச்சுங்க?"

"நான் ஒண்ணுமே பண்ணலை. அதுவா இப்படி ஆயிடுச்சு."

"எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிப்பாங்க" என்று கைப்பையைப் படியில் வைத்தாள். "கடைசியா என்ன பண்ணீங்க? அதைச் சொல்லுங்க."

பச்சை நாரைப் பின்பக்கமிருந்து எடுத்துக் காட்டினான். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். குனிந்து, விரல் நகத்தைக் கீறல் மேல் மெதுவாக ஓட்டிப் பார்த்தாள்.

"நகம் மாட்டலை. மேலாப்ல இருக்கிற கீறல்தான். ரெண்டு இடத்துல மட்டும் மாட்டுது. பாலிஷ் பண்ணினா முக்கால்வாசி போயிடும்."

"பெயிண்ட் கடைக்காரர்கிட்ட விட்டுடலாமா?"

"விடலாம். அவர் தினமும் காலையில யார்கூட நடக்கப் போறாரு?"

அத்தானோடுதான். கடைக்குப் போனால் விஷயம் நேரே அவர் காதுக்குப் போய்விடும். அவசரம் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். வேறு வழியில்லை, ஒரு பாலிஷ் மெஷின் வாங்கி வீட்டிலேயே செய்ய வேண்டியதுதான். வேனுக்கு டயர் மாற்றிய மாதம் வேறு. அதனால் விலையும் கைக்கு அடக்கமாக இருக்க வேண்டும்.

உடனே செல்போனை எடுத்தான். அவள் காலணியைக் கழற்றி உள்ளே போவதற்குள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தும் விட்டான். "இதைப் பாரு. எல்லாத்தையும் விட விலை கம்மி, எல்லாத்தையும் விட வேகம். ஒரு மணி நேரத்துல மொத்தக் காரையும் முடிச்சுடலாமாம். ஆர்டர் போட்டுடட்டுமா?"

"கையை எடுங்க."

"ஏன்?"

"அது ஒரே அச்சுல நின்னு சுத்துற மெஷின். பழகின கைக்குத்தான் அது. ஒரு இடத்துல கொஞ்சம் அழுத்தி நிறுத்திட்டா சூடாகி பெயிண்ட்டையே தின்னுடும். இன்னொரு மாதிரி இருக்கு, தானும் சுத்தும், சுத்திக்கிட்டே வட்டமாவும் ஆடும். மெதுவாத்தான் வேலை செய்யும். ரொம்ப அழுத்தினா சுத்துறதை நிறுத்திடும்."

"அழுத்தினா நின்னுடுமா? அது என்ன மெஷின், சோம்பேறி."

"உங்க கையில கொடுக்கப் போற மெஷினுக்கு அதுதாங்க முதல் தகுதி."

அவனுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

அடுத்து அவள் செய்ததைப் பார்த்துத்தான் அவன் வாயைப் பிளந்தான். இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு, அந்த ஆடும் வகையில் விலை குறைவாக இருந்த மூன்று மெஷின்களைப் பொறுக்கி எடுத்தாள். ஒவ்வொன்றுக்கும் வாங்கியவர்கள் எழுதிய கருத்துகளில் புகழ்ந்து எழுதியதை எல்லாம் தள்ளிவிட்டாள். திட்டி எழுதியதை மட்டும் படித்தாள்.

"நல்லா இருக்குன்னு நூறு பேர் சொல்றாங்களே, அதைப் படிக்க மாட்டியா?"

"அவங்க பாதிப் பேர் அட்டைப்பெட்டியைப் பார்த்துட்டு எழுதினவங்க. திட்டுறவங்கதான் மெஷினைத் தொட்டுப் பார்த்தவங்க. பாருங்க, இதுல ஒயர் குட்டைன்னு திட்டுறாங்க. அது பரவாயில்லை, நீட்டிக்கலாம். இதுல சுத்துற தட்டு கழண்டு பறக்குதுன்னு திட்டுறாங்க. அது வேண்டாம். திட்டுலயும் தரம் இருக்குங்க."

பேட்டரியில் ஓடுகிற ஒன்றை அவன் ஆசையாகக் காட்டினான். சார்ஜ் பாதியில் தீர்ந்தால் பாதிக் கார் பளபளவென்றும் பாதிக் கார் பரிதாபமாகவும் நிற்கும் என்று அதையும் ஒதுக்கினாள். மறுநாள் மதிய இடைவேளையில், மிச்சமிருந்த கம்பெனிகளின் புகார் எண்ணுக்கு வரிசையாகப் போன் போட்டாள். அவனும் அப்போது பார்சல் கொடுக்க அவள் ஆபீஸ் பக்கம் வந்திருந்தான். வேனில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்டார்கள்.

"இன்னும் வாங்கவே இல்லையே. எதுக்குப் புகார்?"

"வாங்கின பிறகு போன் எடுக்க ஆள் இல்லைன்னு தெரிஞ்சு என்ன பண்றது? முதல்ல புகார், அப்புறம்தான் பணம்."

முதல் கம்பெனியில் பாட்டுப் போட்டார்கள். பாட்டு முடிந்து, மறுபடி அதே பாட்டு ஆரம்பித்தது. அவள் வைத்துவிட்டாள். அடுத்த கம்பெனியில் ஒரு பெண் எடுத்தாள். வாய்க்குள் எதையோ அவசரமாக விழுங்கிவிட்டுப் பேசினாள், பாவம், அவளுக்கும் சாப்பாட்டு நேரம்.

"சொல்லுங்க மேடம், மெஷின்ல என்ன பிரச்சினை?"

"இன்னும் வாங்கலைங்க. வாங்கினா என்ன பிரச்சினை வரும்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. "இப்படி யாருமே கேட்டதில்லை மேடம். சரி, சொல்றேன். பெட்டியோட வர்ற ஸ்பாஞ்சு பேட் அவ்வளவு நல்லா இருக்காது, சீக்கிரம் கிழியும். தனியா வேற நல்லதா வாங்கிக்கோங்க, எந்தக் கம்பெனி பேடா இருந்தாலும் ஒட்டும். ஒயர் குட்டை. ரொம்ப நேரம் பிடிச்சா கை நடுங்கும், நடுவுல விட்டு விட்டுப் பண்ணுங்க. மோட்டார் மட்டும் இதுவரைக்கும் திரும்பி வந்ததே இல்லை." பழைய காரா என்று அவளே கேட்டாள். ஆமாம் என்றதும், ஒரு மூலையில் சோதித்துப் பார்த்துவிட்டு ஆரம்பிக்கும்படியும், பேடில் காரின் நிறம் இறங்கினால் கூடுதல் கவனமாக இருக்கும்படியும் சொன்னாள்.

போனை வைத்ததும் மனைவி, "இதையே போட்டுடுங்க" என்றாள்.

"இவ்வளவு குறை சொல்லியிருக்கா, இதைப் போய்..."

"தன் குறையைத் தானே சொல்றவங்ககிட்ட பயமில்லாம வாங்கலாம்."

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை வருஷமாக இவளோடு குடும்பம் நடத்துகிறோம், இவள் தலைக்குள் இவ்வளவு சாமான் இருப்பது தெரியாமல் போயிற்றே என்று நினைத்தான். அந்த நினைப்பில் அன்று இரண்டு பார்சலை மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தான்.

சனிக்கிழமை காலையில் வேலையை ஆரம்பித்தார்கள். காரைக் கழுவினார்கள், இந்தத் தடவை மெத்தென்ற துணியால். ரப்பர் பட்டைகளையும், தகடு மடிகிற விளிம்புகளையும் அவள் காகித டேப்பால் மூடினாள். விளிம்பில் பெயிண்ட் மெலிசாக இருக்குமாம். பிறகு மெஷினின் தட்டு ஓரத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கறுப்புக் கோடு போட்டாள்.

"இது எதுக்கு?"

"கோடு சுத்துறது தெரிஞ்சா மெஷின் வேலை செய்யுது. கோடு நின்னா நீங்க அழுத்துறீங்க."

அழுத்தினான். கோடு நின்றது. அவள் கோட்டை விரலால் காட்டினாள். கையைத் தளர்த்தினான். கோடு சுற்றியது. மறுபடி வேகமாகத் தள்ளினான். மறுபடி நின்றது. வாழ்நாளில் அவனுக்கு யார் யாரோ பொறுமையைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள், அப்பா அடித்தே சொல்லியிருக்கிறார். எதுவும் ஏறவில்லை. அந்தக் கறுப்புக் கோடு சொன்னது ஏறியது. கொஞ்ச நேரத்தில் அவனுடைய கை தானாகவே மெதுவாகப் போக ஆரம்பித்தது.

துணியால் துடைத்தபோது, அந்தக் கையகல இடத்தில் வட்டக் கீறல் எதுவும் இல்லை. சிவப்பு ஆழமாக, ஈரமாக இருப்பதுபோல் தெரிந்தது. அவன் முகம் அதில் தெரிந்தது. சந்தோஷத்தில் அதைப் பார்த்துப் பல்லைக் காட்டினான்.

அப்போதுதான் பேடைத் திருப்பிப் பார்த்தான். பேட் முழுக்கச் சிவப்பு.

"ஐயோ, இங்க பாரு. சாயம் போகுது."

"போகும். பழைய கார், பெயிண்ட்டுக்கு மேல கண்ணாடிப் பூச்சு கிடையாது. அந்தப் பொண்ணு சொன்னாளே."

"பாலிஷ் போட்டா ஏன் போகணும்? இன்னும் ரெண்டு தடவை போட்டா கெட்டியாயிடும்ல?"

அவள் மெஷினை அவன் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள். "அந்த வார்த்தையிலதாங்க எல்லாரும் ஏமாறுறோம். பாலிஷ் போடுறது, மெருகு ஏத்துறதுன்னு பேச்சுக்குச் சொல்றோம். நாம எதையும் போடவும் இல்லை, ஏத்தவும் இல்லை. எடுக்கிறோம். கீறல் ஒரு பள்ளம். சுத்தி இருக்கிற மேட்டைத் தேய்ச்சு எடுத்து, பள்ளத்தோட மட்டத்துக்குக் கொண்டு வர்றோம். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பெயிண்ட் போகுது. அதனால எங்க நிறுத்தணும்னு தெரியணும்."

அவன் அந்தச் சிவப்புப் பேடையே பார்த்துக்கொண்டு நின்றான். போட்டுக்கொண்டே போகலாம் என்று நினைத்திருந்தான். நல்லவேளை, அந்த வேக மெஷினை வாங்கவில்லை. வாங்கியிருந்தால் இந்நேரம் கார் தகடாக நின்றிருக்கும்.

நகம் மாட்டிய இரண்டு கீறல்களை அவள் ஓரளவு மங்க வைத்துவிட்டு நிறுத்தினாள். இன்னும் போனால் கீறல் மறையும், பெயிண்ட்டும் மறையும் என்றாள். அவனுக்கு மனசு கேட்கவில்லை. இருந்தும் கையைக் கட்டிக்கொண்டான்.

மதியத்துக்குள் மூடியும் இடது பக்கமும் ஜொலித்தன. அதனாலேயே நார் படாத வலது பக்கம் மங்கித் தெரிந்தது. ஒரு கண்ணுக்கு மட்டும் மை தீட்டின மாதிரி இருக்கிறது என்று அவனே சொன்னான். காரைச் சுவரிலிருந்து தள்ளி வெளியே எடுத்தார்கள். அவள் துணியோடு வலது பக்கம் போனாள். பின் சக்கரத்துக்கு மேலே இருக்கிற வளைவில் கை வந்ததும், நின்றாள். குனிந்தாள். முகத்தை இப்படியும் அப்படியும் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு காகித டேப்பைக் கிழித்து, உள்ளங்கை அளவுக்கு அந்த இடத்தைச் சதுரமாக மூடிவிட்டாள்.

"அங்க என்ன?"

"அந்த இடம் வேண்டாம்."

"ஏன் வேண்டாம்?"

"வேண்டாம்னா வேண்டாம்ங்க."

வலது பக்கமும் முடிந்தது. அந்தச் சதுரம் மட்டும் டேப்போடு நின்றது. அவன் அதையே சுற்றிச் சுற்றி வந்தான். கல்யாண வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு ஒருவர் மட்டும் பசியோடு நிற்பது போல அது அவனை உறுத்தியது. மேகம் கூடியதும் அவள் துணிகளை எடுக்க மாடிக்குப் போனாள். அவ்வளவுதான். ஒரே ஒரு சுற்று, யாருக்குத் தெரியப்போகிறது என்று டேப்பின் ஒரு மூலையைப் பிரித்தான். உள்ளே ஒரு கோளாறும் இல்லை. மற்ற இடத்தைப் போலவே சிவப்பு, கொஞ்சம் கூடுதல் மினுமினுப்பு. மெஷினைக் கையில் எடுத்து வைக்கப் போனவன், தட்டைப் பார்த்தான். தட்டில் பேட் இல்லை. பெட்டியில் தேடினான். அங்கேயும் இல்லை. இருந்த பேட் அத்தனையும் மாயம்.

அவள் துணி மூட்டையோடு கீழே வந்தாள். மூட்டைக்கு மேலே பேடுகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

"எதுக்குப் பேடையெல்லாம் மாடிக்குக் கொண்டுபோனே?"

"உங்களைத் தெரியாதா எனக்கு?" என்றாள் சாதாரணமாக. பிரிந்திருந்த டேப் மூலையைப் பார்த்தாள். "பார்த்துட்டீங்களா?"

"பார்த்தேன். நல்லாத்தானே இருக்கு."

"ஆமா. நல்லாத்தான் இருக்கு. அதனாலதான் விட்டேன்." மூலையைக் கட்டை விரலால் அழுத்தி ஒட்டினாள். அவனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கொஞ்சம் முறைத்துக்கொண்டு திரிந்தான், பிறகு பசித்தது, சரியாகிவிட்டான்.

இரவு படுத்தபோது அவனுக்கு வேறு கவலை வந்தது. கார் இவ்வளவு நன்றாக இருக்கிறதே, நார் விஷயத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டுமா? அந்த இரண்டு கீறலும் உற்றுப் பார்த்தால்தான் தெரியும். சொன்னால் அந்தச் சாவி இனி ஜென்மத்துக்கும் கைக்கு வராது. சொல்லாமல் விட்டால் நல்ல பெயர். அவளிடம் கேட்டான்.

"உங்க இஷ்டம்" என்று திரும்பிப் படுத்தாள். கொஞ்சம் கழித்து, "அந்தப் பொண்ணு அவ்வளவு குறை சொல்லியும் அந்த மெஷினை நாம ஏன் வாங்கினோம்?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் தூங்கிப்போனாள். அவனுக்குத்தான் தூக்கம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் டேப்பை எல்லாம் உரித்தாள். காரை முன்போலவே வலது பக்கம் சுவரை ஒட்டி நிறுத்தினார்கள். அக்காவும் அத்தானும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அத்தான் பெட்டியைக் கீழே வைக்காமலேயே நின்றுவிட்டார். வெயில் அந்தச் சிவப்பு மேல் விழுந்து அவர் சட்டை வரை அடித்தது.

"யார் பாலிஷ் போட்டது?" என்றார். குரல் மாறியிருந்தது.

"வேற யாரு, என் தம்பிதான். சொன்னேன்ல, என் தம்பி பொறுப்பானவன்னு. நீங்கதான் அவனை ஒரு மனுஷனாவே மதிக்கலை" என்று அக்கா ஆரம்பித்தாள். அவள் ஆரம்பித்தால் லேசில் முடிக்க மாட்டாள்.

அத்தான் அவனைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவன் பார்க்காத ஒரு மலர்ச்சி அந்த முகத்தில். இதற்குத்தானே அவன் ஏங்கிக்கொண்டிருந்தான். தலையை ஆட்டினால் போதும், நல்ல பெயர் மடியில் விழும். அவன் தலையை ஆட்டவில்லை.

"இல்லை அத்தான். அழகு பண்றதுக்காகப் போடலை. பறவை எச்சத்தைப் பாத்திரம் தேய்க்கிற நாரால தேய்ச்சுட்டேன். காரெல்லாம் வட்டமா கீறிடுச்சு. அதைச் சரி பண்ணத்தான் மெஷின் வாங்கினோம். மெஷினைத் தேர்ந்தெடுத்தது, எங்க நிறுத்தணும்னு பார்த்தது, எல்லாம் இவதான். இங்க ரெண்டு கீறல் இன்னும் இருக்கு." முன்பக்கம் கூட்டிப்போய் விரல் வைத்துக் காட்டினான். இவ்வளவையும் அவன் மெதுவாகச் சொன்னான், ஒரு வார்த்தையையும் விழுங்காமல். அக்காவுக்கே அது ஆச்சரியமாக இருந்தது, பேச்சை நிறுத்திவிட்டாள்.

அத்தான் அந்தக் கீறல்களைப் பார்த்தார். பெட்டியைக் கீழே வைத்தார். சுவருக்கும் காருக்கும் இடையில் இருந்த சந்துக்குள் பக்கவாட்டில் நுழைந்தார். பின் சக்கரத்துக்கு மேலே குனிந்து, வளைவைத் தடவினார். வெகுநேரம் குனிந்தே இருந்தார். போச்சு, அந்தச் சதுரத்தை விட்டதுதான் வினையாகப் போகிறது, அப்போதே சொன்னேன் கேட்டாளா என்று அவசரம் மனைவியை முறைத்தான்.

அத்தான் சட்டை முழுக்கச் சுண்ணாம்புப் பொடியோடு வெளியே வந்தார்.

"பின் சக்கரத்துக்கு மேல ஒரு இடத்தை மட்டும் தொடாம விட்டிருக்கு. யார் விட்டது?"

"நான்தாண்ணா" என்றாள் அவள்.

"ஏம்மா விட்டே?"

"அது ஏற்கெனவே நல்லா இருந்துச்சுண்ணா. அதான்."

அவர் அவளையே பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். அவசரத்துக்கு இருவரில் யாரைப் பார்ப்பது என்று தெரியவில்லை.

"தெரிஞ்சுதான் விட்டிருக்கே" என்றார் அத்தான் மெதுவாக. பிறகு, நெஞ்சில் வைத்திருந்ததை இறக்கி வைக்கிறவர் போல மூச்சு விட்டார். "காரை வாங்கின புதுசுல, நானும் ஒரு பாலிஷ் மெஷின் வாங்கினேன். இருக்கிறதுலயே வேகமானது. அந்த வளைவுல கொஞ்சம் அழுத்திட்டேன். தகடு தெரிஞ்சுடுச்சு. வெளியில சொல்ல வெட்கமா இருந்துச்சு. உங்க அக்கா அலமாரியில சிவப்பு நகப்பாலிஷ் இருந்துச்சு. அதை எடுத்துப் போட்டேன். மெஷினை யாருக்கோ கொடுத்துட்டேன். அன்னையிலேர்ந்து சுவரோரமாத்தான் நிறுத்துறேன்."

அவசரத்துக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. மெஷின் ஒரு சுற்றுச் சுற்றியிருந்தால் அந்த நகப்பாலிஷ் உரிந்து, இந்த மனிதர் இத்தனை காலம் காப்பாற்றிய மானம் வெயிலில் பல்லை இளித்திருக்கும். காய்ந்த நகப்பாலிஷ் எப்படி மினுங்கும் என்று அவளுக்குத் தெரியாதா? பார்த்தவுடன் கண்டுபிடித்திருக்கிறாள். கட்டின புருஷனிடம்கூட மூச்சு விடவில்லை. அவளைப் பார்க்கப் பார்க்க அவனுக்குப் பெருமை பொங்கியது, இவ்வளவு பேர் நடுவில் என்ன செய்வது என்று தெரியாமல் காரைத் துடைத்தான்.

"அந்தப் பாட்டிலைப் பூனை தட்டி விட்டுடுச்சுன்னு சொன்னீங்க" என்றாள் அக்கா.

"அது வந்து..."

"நம்ம வீட்டுல பூனையே கிடையாது. அன்னைக்கே எனக்குத் தெரியும். எப்பத்தான் சொல்றீங்கன்னு பார்த்துக்கிட்டு இருந்தேன்."

அத்தான் சிரித்தார். அளந்து சிரிக்கிற மனிதர், அன்று அளவில்லாமல் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைத்துக்கொண்டார். அவசரம் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினான். கொடுக்க மனமில்லைதான், என்ன செய்வது. அவர் வாங்கவில்லை. அவன் விரல்களை மடக்கி, சாவியை உள்ளே வைத்து மூடினார்.

"அங்க இன்னும் தோண்டி முடிக்கலை. சாவி உங்ககிட்டயே இருக்கட்டும் மாப்ள" என்றார். தம்பி என்று சொல்லவில்லை. "மெஷின் மட்டும் தங்கச்சிகிட்ட இருக்கட்டும்."